வேலை செய்யும் இடம் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, பிறகு பர்சனல் டிபார்ட்மென்டுக்கு மாறி, மொத்தம் 22 வருடம் வேலை பார்த்தேன். இப்போது மணலி, மாதவரம், எண்ணூர், வண்ணாரப்பேட்டை பக்கத்துச் சிறு நிறுவனங்கள் கூப்பிட்டால் போய், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில் வேலை தேடும் பிள்ளைகளோடு உட்காருவேன். முதலாளிகளும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதால் சேர்த்தே எழுதுகிறேன்.

பணியிடப் பண்பாடு, ஒர்க் கல்ச்சர் என்கிறார்களே, அது என்ன?

யாரும் எழுதி வைக்காமல், எல்லோரும் கடைப்பிடிக்கும் பழக்கம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரத்தில் பக்கத்து மெஷின் அண்ணன் காதோடு சொல்லுவாரே, அதுதான். "ஆறு மணிக்கே பைய தூக்காத, அவர் கார் கிளம்பட்டும்." "மீட்டிங்ல கேள்வி கேக்காத." "அடிபட்டா மொதல்ல எங்கிட்ட சொல்லு, ஆபீஸ்ல போய் நிக்காத." இதில் ஒரு வரியும் ஆஃபர் லெட்டரில் இருக்காது. ஆனால் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்க ஆஃபர் லெட்டரைவிட இதுதான் தேவைப்படும்.

எட்கர் ஷைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மூன்று அடுக்காகப் பிரித்துச் சொன்னார். மேலே கண்ணுக்குத் தெரிவது: கட்டடம், யூனிஃபார்ம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. அதற்குக் கீழே நிறுவனம் வாயால் சொல்வது: சுவரில் மாட்டிய 'பாதுகாப்பே முதன்மை' போர்டு. எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் பேசாமலே எல்லோரும் நம்புவது: 'ஷிப்மென்ட் போகணும்னா பாதுகாப்பெல்லாம் அப்புறம்.' ஒரு இடத்தை மதிப்பிடுவது என்றால் அந்த மூன்றாவது அடுக்கைத் தொடுவது. போர்டைப் படித்துவிட்டு வருவதற்கு ஆள் தேவையில்லை.

சம்பளம் ஒழுங்காக வந்தால் போதாதா? இதெல்லாம் எதற்கு?

சம்பளம் ஒழுங்காக வருவதே பண்பாட்டில் ஒரு பங்குதான். மீதியைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று என்னிடம் சொன்னால் இதைக் கேட்பேன்: இங்கே கெட்ட செய்தி கொண்டு வருகிறவனுக்கு என்ன நடக்கிறது?

நம் பகுதியில் இந்தக் கேள்வி ஃபேக்டரி காம்பவுண்டுக்குள் முடிகிறதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா நெடி தாங்காமல் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த இரண்டு சம்பவங்களிலும் யார்மீது தவறு என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. ரசாயனமும் எண்ணெயும் கன்டெய்னரும் புழங்கும் ஊரில், 'வால்வு சரியில்லை சார்' என்று ஒரு ஹெல்பர் வாய் திறந்து சொல்ல முடிகிறதா என்பது சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிறவர்களுக்கும் முக்கியம். அதற்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

இன்டர்வியூவுக்குப் போகும் அன்றைக்கே எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கேட்டில் உங்களை உட்கார வைக்கிறார்களோ இல்லையோ, செக்யூரிட்டிக்கு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் நிற்கும் பெரியவருக்கு ஒரு நாற்காலி போடத் தோன்றாத இடத்தில் உங்கள் முதுகுவலியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? கடைகளுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி கட்டாயம் என்று சேர்த்தார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஏறி இறங்கும்போது கவனியுங்கள். சில கடைகளில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கும், கூட்டம் இல்லாத மதியத்தில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன்மேல் புடவைக் கட்டு அடுக்கியிருக்கும். சட்டத்துக்காக வாங்கிய ஸ்டூல் அது. அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

அடுத்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். விசிட்டர் பாத்ரூம் வேண்டாம், வேலை செய்கிறவர்கள் போவது எது என்று பாருங்கள். பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பது ஹெச்.ஆர். பாலிசிப் புத்தகத்தைவிட அதிகம் சொல்லும்.

நோட்டீஸ் போர்டில் தேதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை சுற்றறிக்கை இன்னும் தொங்கினால், அந்த போர்டில் எதையும் யாரும் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பே இல்லை என்று அர்த்தம்.

இன்டர்வியூவில் நாமே கேள்வி கேட்கலாமா? திமிர் என்று நினைக்க மாட்டார்களா?

பணிவாகக் கேட்டால் நினைக்க மாட்டார்கள். அப்படியும் முகம் சுளித்தால், தேடிப் போன பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

'உங்க ஒர்க் கல்ச்சர் எப்படி சார்' என்று கேட்காதீர்கள். 'ரொம்ப நல்லா இருக்கும்' என்பதைத் தவிர வேறு பதில் அதற்கு வராது. நடந்த ஒன்றைக் கேளுங்கள். "இந்த வேலையில எனக்கு முன்னால இருந்தவர் இப்ப எங்க சார் இருக்காரு?" என்பது மிக நல்ல கேள்வி. பிரமோஷன் ஆகி மேலே போனார் என்று சொல்கிறார்களா, சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று மழுப்புகிறார்களா, அவரைத் திட்ட ஆரம்பிக்கிறார்களா என்று பாருங்கள். போனவரைப் பற்றி முன்பின் தெரியாத உங்களிடமே திட்டுகிறவர், நாளை உங்களைப் பற்றியும் இன்னொருவரிடம் அப்படித்தான் பேசுவார். "கடைசியா பெரிய தப்பு ஒண்ணு நடந்தப்ப டீம்ல என்ன பண்ணீங்க சார்?" என்பது இரண்டாவது. தப்பே நடந்ததில்லை என்று சொன்னால் கவனமாக இருங்கள்.

உள்ளே இருப்பவர்கள் உண்மையைச் சொல்வார்களா?

ஆபீஸில் சொல்ல மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சொல்வார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு சும்மா நில்லுங்கள். வேலைக்கு வரலாமென்று இருக்கிறேன் என்று சொன்னால் போதும், அண்ணன்மார்கள் தாமாகவே பேசுவார்கள். அவர்கள் கோபமாகத் திட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை பார்க்கும் இடத்தை எல்லோரும்தான் திட்டுவார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் கவனிக்க வேண்டியது. மேனேஜரைப் பேர் சொல்லி உரக்கக் கிண்டல் செய்ய முடிகிற இடம் ஓரளவு நல்ல இடம்.

ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பர்மனென்ட் ஆள் ஒருவர், காண்ட்ராக்ட் ஆள் ஒருவர், வேலையை விட்டுப் போனவர் ஒருவர் என மூன்று பேரிடமாவது கேளுங்கள்.

சம்பள விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளச் சீட்டைப் பாருங்கள், பிறகு பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்ததாக இருக்கும். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டு பாஸ்புக்கில் பார்த்தால் அது மாதாமாதம் கட்டப்பட்டதா என்று தெரியும். சேர்ந்த மூன்றாம் மாதத்தில் இதைச் செய்யாத பிள்ளைகளே அதிகம். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் விதி. 'இங்க எல்லாம் சிங்கிள்தான்' என்று சாதாரணமாகச் சொன்னால், அந்த இடத்தில் வேறு எதெல்லாம் சாதாரணமாகிவிட்டது என்று யோசியுங்கள்.

நான் 40 பேரை வைத்து ஒரு யூனிட் நடத்துகிறேன். என் நிறுவனத்தை நானே மதிப்பிடலாமா?

பாதி முடியும். பதிவேடுகளை நீங்களே பார்க்கலாம். ஆட்களிடம் கேட்பதற்கு வெளியாள் தேவை. உங்கள் முகத்தைப் பார்த்து 'உங்களிடம் பேசப் பயமாக இருக்கிறது' என்று யாரால் சொல்ல முடியும்?

பதிவேடுகளில் என்ன இருக்கிறது?

அங்கேதான் எல்லாம் இருக்கிறது. டைம் ஆபீஸில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆட்கள் வாயால் சொல்லாததைத் தேதிகள் சொல்லிவிடும்.

முதலில், சேர்ந்து 90 நாளுக்குள் ஓடியவர்கள் எத்தனை பேர், எந்த சூப்பர்வைசரின் கீழ் என்று பிரித்துப் பாருங்கள். ஃபேக்டரி முழுக்க ஒரே அளவில் ஓடினால் சம்பளமோ பஸ் வசதியோ காரணமாக இருக்கும். ஒரே செக்‌ஷனில் ஓடினால் காரணம் ஒரு ஆள். இரண்டாவது, யாருக்கு லீவு மறுக்கப்பட்டது, யாருக்குக் கேட்காமலே கிடைத்தது என்று பாருங்கள். மூன்றாவது, சொல்லாமல் எடுத்த லீவு. திங்கட்கிழமை ஆப்சென்ட்டுக்குக் குடிதான் காரணம் என்று நம் பகுதியில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் எண்ணிப் பார்த்த ஒரு இடத்தில் வாராந்திர ரிவ்யூ மீட்டிங் இருந்த புதன்கிழமையில்தான் ஆப்சென்ட் அதிகம். அந்த மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவது வழக்கமாம்.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணலிப் பக்கம் ஒரு கிடங்கு. பெயர் வேண்டாம். விபத்துப் பதிவேட்டில் 'நியர் மிஸ்' என்று ஒரு பத்தி உண்டு. அடிபடாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுவதற்கு. அந்தப் பத்தியில் பதினொரு மாதமாக 'இல்லை, இல்லை, இல்லை' என்று ஒரே கையெழுத்து, ஒரே பேனா. இன்சார்ஜ் பெருமையாகக் காட்டினார். நான் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே நடந்தேன். சரக்கு அடுக்கும் ரேக்குகளின் இரும்புத் தூண்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது, தலைக்கு மேலே மங்கலாகத் தூசி படிந்த மஞ்சள். இடுப்பு உயரத்தில் மட்டும் பளிச்சென்று புது மஞ்சள். கை வைத்தால் பெயிண்டுக்கு அடியில் பள்ளம் தட்டுப்பட்டது. ஒன்றில் இல்லை, வரிசையாக நான்கு தூணில். என்னோடு வந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி முதலில் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லாக்கருக்குப் பின்னாலிருந்து கால் லிட்டர் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார். மூடி ஓரமெல்லாம் மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது. "முட்டினா ஆயிரம் ரூபா கட்டிங் அக்கா. அதான் நாங்களே காசு போட்டு பெயிண்ட் வாங்கி வச்சிருக்கோம்."

ரேக் என்றைக்கு ஆள்மேல் சாய்ந்திருக்கும் என்று தெரியாது. அந்தத் தூண்களில் ஒன்று அடியில் வளைந்திருந்தது. அபராதத்தை நிறுத்தச் சொன்னேன், தூண்களைச் சோதிக்கச் சொன்னேன். அடுத்த இரண்டு மாதத்தில் நியர் மிஸ் பத்தியில் ஒன்பது பதிவு வந்தது. முதலாளி போன் செய்து, "என்னம்மா, நீங்க வந்துட்டுப் போனப்புறம் ஆக்சிடென்ட் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

அவருக்கு நான் சொன்னது ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் அனுபவம். 1990களில் அவர் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அந்தக் குழுக்களில்தான் தவறு அதிகமாக இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. மற்ற இடங்களில் பயத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். சைபர் என்று எழுதிய பதிவேட்டைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அந்த மஞ்சள் டப்பாதான் ஞாபகம் வருகிறது.

கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடும் முறைகள் இருக்கின்றனவே, அவை பயன்படுமா?

பயன்படும், எதற்கு என்று தெரிந்து எடுத்தால். கேமரன், குவின் என்ற இருவர் உருவாக்கிய முறையில் நிறுவனங்களை நான்கு விதமாகப் பார்ப்பார்கள்: குடும்பம் மாதிரி நடப்பது, புதுமை தேடுவது, சந்தையில் ஜெயிப்பதே குறியாக இருப்பது, விதிப்படி அடுக்கடுக்காக நடப்பது. ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றிலும் 100 மதிப்பெண்ணை நான்குக்கும் பங்கிட வேண்டும். முதலில் இப்போது எப்படி இருக்கிறது என்று, பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று. நான்கில் எது நல்லது என்று அந்த முறை சொல்லாது. அமோனியா டேங்க் வைத்திருக்கும் இடம் விதிப்படிதான் நடக்க வேண்டும். விளம்பர டிசைன் செய்யும் ஐந்து பேர் அப்படி நடந்தால் மூச்சு முட்டும். எனக்கு இந்த முறையில் பிடித்தது, முதலாளி போட்ட மார்க்கையும் ஆட்கள் போட்ட மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான். 'குடும்பம்' என்பதற்கு முதலாளி 60 போட்டு ஆட்கள் 15 போட்டால், அன்றைக்கு மதியம் முழுக்கப் பேச விஷயம் இருக்கிறது.

நம் நாட்டிலிருந்து உதய் பரீக் தந்த ஆக்டபேஸ் முறையும் உண்டு. மனம் திறந்து பேசுவது, பிரச்சினையை நேருக்கு நேர் எதிர்கொள்வது, நம்பிக்கை, சுயாதீனம், சேர்ந்து உழைப்பது என்று எட்டு குணங்களை அளக்கும். நம் ஊர்ச் சூழலுக்கு இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

எந்தத் தாளாக இருந்தாலும் தமிழில் கொடுங்கள். ஒடிசா, பீகார் தம்பிகள் இருந்தால் அவர்கள் மொழியிலும் படித்துச் சொல்ல ஆள் வையுங்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியும் எல்லோரும் 'நன்று' என்றே டிக் செய்கிறார்கள். ஏன்?

பெயர் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தத் தவறை ஆரம்பத்தில் நானே செய்திருக்கிறேன். தாளின் மேல் செக்‌ஷன், வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டிருந்தேன். ஸ்டோர்ஸில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். அவர் தன் இன்சார்ஜைப் பற்றி உண்மையை எழுதியிருந்தார். அறிக்கையில் 'ஸ்டோர்ஸ், பெண்' என்று வந்ததும் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போக இரண்டு பஸ். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் அந்த உறுத்தல் இன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு எட்டுப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டுவதில்லை. தாள்களை நானே வீட்டுக்கு எடுத்துப் போய் எண்ணிவிட்டுக் கிழித்துவிடுவேன். முதலாளி கையில் ஒரு தாளும் போகாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வேலையை எடுப்பதில்லை.

காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்க வேண்டுமா? அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லையே.

அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு இடத்தில் காலை பத்தரை மணி டீ நேரம். பர்மனென்ட் ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர், ஷெட்டுக்குள் ஃபேன் காற்றில். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பேப்பர் கப், வெளியே சுவரோரம். ஒரே கெட்டில், ஒரே டீ, ஊற்றுகிற அம்மாவும் ஒருவரே. ஏன் இப்படி என்று கேட்டேன். "டம்ளர் பத்தாதும்மா" என்றார் கேன்டீன் பொறுப்பாளர். அலமாரியைத் திறந்தேன். ஐம்பது டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. யாரும் ஒருநாளும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதும் இல்லை. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்ததை நாம் எல்லோரும் கொடுமை என்று பேசுகிறோம். அது ஒரு கம்பெனி ஷெட்டில் வேறு வேஷத்தில் வந்து நின்றபோது, அங்கே வேலை பார்த்த நூறு பேரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

சம்பளத்தில் வித்தியாசம் இருப்பதற்கு ஒப்பந்தம், சீனியாரிட்டி என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். டம்ளருக்கு, ஹெல்மெட்டுக்கு, குடிதண்ணீருக்கு, அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வண்டிக்கு ஒரு காரணமும் கிடையாது. மதிப்பீடு செய்யும்போது பட்டியலின் கடைசியில் இருக்கும் ஆளைத் தேடிப் போங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

குழு உறுப்பினர் பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் "இவங்க யாருக்கா, எங்க உக்காருவாங்க?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் குழு தாளில்தான் இருக்கிறது. கூடவே, இரவு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி எதுவரை வரும் என்று கேளுங்கள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும் வண்டிக்கும் தெருமுனை வரை வரும் வண்டிக்கும் நடுவில் அந்த நிறுவனம் உங்களை எப்படி நினைக்கிறது என்பது இருக்கிறது.

யூனியன் இருக்கும் இடத்தில் சூழ்நிலை கெட்டுப்போகும் என்கிறார்களே?

பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா! 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவராகவும் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது இந்த மண்ணில்தான். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அதைச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. நூறு வருடம் கழித்தும் நான் போகிற இடங்களில் அந்தக் குறையைக் கேட்கிறேன்.

யூனியன் என்பது கெட்ட செய்தி மேலே போவதற்கு ஒரு வழி. அந்த வழி அடைபட்டால் செய்தி வேறு வழியில் போகும், அல்லது போகாமலே நின்றுவிடும். யூனியன் தலைவரே ஆட்களை மிரட்டும் இடங்களையும் பார்த்திருக்கிறேன், அதையும் அறிக்கையில் எழுதுவேன்.

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்கிறார்கள். நல்லதுதானே?

சில இடங்களில் உண்மையிலேயே நல்லது. மகள் கல்யாணத்துக்கு முதலாளி வந்து நின்று பரிமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடும்பத்தில் ஓ.டி. கிடையாது, கணக்குக் கேட்க முடியாது, மூத்தவர் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது. அந்த அர்த்தத்தில் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெள்ளம் வந்தால் தெரிந்துவிடும். மிக்ஜாம் நேரத்தில் மூன்று நாள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற ஆட்களுக்கு ஒரு நிறுவனம் அரிசி, பால் பவுடர் அனுப்பியது, அந்த நாட்களுக்குச் சம்பளமும் பிடிக்கவில்லை. இன்னொரு நிறுவனம் 'ஏன் வரவில்லை' என்று மெமோ கொடுத்தது. இரண்டுமே குடும்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன.

வியாசர்பாடி, காசிமேடு என்று முகவரி சொன்னதும் இன்டர்வியூ எடுக்கிறவர் முகம் மாறுகிறது. அந்தக் கம்பெனியில் சேரலாமா?

இதைக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு கிண்டி, ஆலந்தூர் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் நிறைய. "ஓ, அந்த ஏரியாவா" என்ற ஒரு வார்த்தையில் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சிலர் முகவரியை மாற்றி, பெரியம்மா வீட்டு அண்ணா நகர் விலாசம் கொடுக்கிறார்கள்.

மாற்றாதீர்கள் என்று நான் கட்டளை போட மாட்டேன், வயிற்றுப்பாடு எனக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேட்டவர் அடுத்து என்ன கேட்டார்? "எத்தனை மணிக்குக் கிளம்பணும், வந்துட முடியுமா?" என்றால் அது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி. "அங்க எல்லாம் எப்பவும் சண்டைதானே?" என்றால், நாளைக்கு ஆபீஸில் ஒரு பர்ஸ் காணாமல் போனால் யார் பையை முதலில் சோதிப்பார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. முதலாளிகளுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் ஆளெடுப்பு விண்ணப்பங்களில் எந்த பின்கோடு முதல் சுற்றிலேயே கழிகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மதிப்பீடு முடிந்தபிறகு என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்குள் எல்லோரையும் கூட்டி, என்ன தெரியவந்தது என்று சொல்லுங்கள். கசப்பானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு உடனே செய்யக்கூடிய ஒன்றை அந்த வாரமே செய்யுங்கள்: தாழ்ப்பாள், டம்ளர், ஃபேன், எதுவானாலும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசம், அடுத்தமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரிய மாற்றத்துக்கு வருடக்கணக்காகும். யார் என்ன எழுதினார்கள் என்று துப்பறிய ஆரம்பித்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

இடம் மோசம் என்று தெரிந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா?

உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் இன்றைக்கே விடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். அப்படி இல்லை, வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால், அடுத்த வேலை கையில் வரும்வரை பொறுத்துத் தேடுங்கள். அதுவரை எல்லாச் சம்பளச் சீட்டையும் உங்கள் போனில் சேர்த்து வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை இறக்கி வையுங்கள். நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ராஜினாமாவை மெயிலிலோ கையெழுத்து வாங்கிய தாளிலோ கொடுங்கள், ரிலீவிங் லெட்டர் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கிளம்பும்போது உங்கள் நம்பரை அங்கே இருக்கும் ஒரு ஜூனியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக்கு அந்த கேட்டுக்கு வெளியே டீயோடு நிற்கும் யாரோ ஒரு பையன், போனவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பான். அவன் போன் செய்தால் எடுங்கள். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நோட்டில் எழுதி வைத்ததை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.